முப்பதாம் நாள் பிரித்த குட்டிகள்

மாதா கோயிலில் ரோசிக்குக் கொடுத்த வெள்ளைப் பன்றி, முதல் ஈற்றில் எட்டுக் குட்டி போட்டது. பால் மறந்ததும் இரண்டைப் பக்கத்து வீட்டுக் குப்பம்மாளுக்குத் தரவேண்டும். சாமியார் சொன்ன நிபந்தனை அது ஒன்றுதான்.

கணவனை ஏரியில் பறிகொடுத்த குப்பம்மாள் தினமும் வேலியோரம் வந்து நிற்பாள். ஏரியின் வெளிச்சம் குட்டிகளின் முதுகில் தளும்பும்.

"என்னுது எதும்மா ரோசி?"

ரோசிக்கு மனம் தாங்கவில்லை. இரண்டு மாதம் தாய்ப்பால் வேண்டும் என்று தெரிந்தும், முப்பதாம் நாளே இரண்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

குப்பம்மாளுக்குத் தொழில் கருவாடு. குட்டி கொழுக்கட்டும் என்று தவிட்டுக் கூழில் கருவாட்டுத் தூளைக் கை நிறையப் போட்டாள். மூன்றாம் நாள் காலை இரண்டும் கண் தெரியாதவை போல வட்டமடித்து, சுவரில் முட்டி நின்றன.

மாட்டாஸ்பத்திரி ஆபிரகாம் வந்து, கூழை நாக்கில் வைத்துத் துப்பினார்.

"இன்னாம்மா, குட்டி வளக்கறியா, ஊறுகா போடறியா?"

"மீன்தூள் போட்டா சதை புடிக்கும்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

"உப்பு போடாத மீனுன்னு சொன்னேன். பாதிதான் காதுல ஏறுமா? தண்ணி?"

"கொல்லைக் கிணத்துது."

"அதுவும் கரிப்பு! நல்ல தண்ணி குடு, கொஞ்சம் கொஞ்சமா. ஒரேடியா குடுத்தா செத்துப்பூடும். பொழைச்சா தாயாண்ட உடு."

நல்ல தண்ணீர்க் கிணறு இரண்டு மைல் தள்ளி. வீட்டில் குடிக்க இருந்தது ஒரு குடம். குப்பம்மாள் அதிலிருந்து சங்கு சங்காகப் புகட்டினாள். தன் வாயை நனைக்கவில்லை. ரோசி குட்டிகளை மடியில் ஏந்தி ஜெபித்தாள். ஏரிமேல் நாரைகள் சத்தமின்றிக் கடந்தன. பொழுது சாயும்போது ஒரு குட்டி கண்ணைச் சிமிட்டி ரோசியின் விரலைச் சப்பியது. பிறகு மற்றதும்.

"நாந்தான் அவசரப்பட்டேன்க்கா."

"நீ பாசத்துல குடுத்த, நான் பாசத்துல போட்டேன். நடுவுல அதுங்க மாட்டிக்கிச்சு."

தாயின் வாசம் ஏறட்டும் என்று அதன் படுக்கை வைக்கோலைக் குட்டிகளின் உடம்பில் தேய்த்து, ரோசி கொட்டிலுக்குள் விட்டாள். தாய் நெடுநேரம் முகர்ந்தது. பின் உறுமிக்கொண்டே சாய்ந்து படுத்தது. ஒவ்வொரு குட்டிக்கும் அதனதன் காம்பு. இரண்டு இடங்கள் காலியாகவே இருந்தன. தள்ளாடிப் போய் அவை அங்கேயே வாய் வைத்தன.

மறுநாள் கருவாடு காயும் மணலில், மற்ற மீன்களிலிருந்து விலகி ஒரு சின்னப் பாய். அதில் உப்புப் படாத பொடிமீன். காக்காயை விரட்டியபடி குப்பம்மாள் வேலிக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தாள்:

"அதுங்க மெதுவா பால் மறக்கட்டும் ரோசி. இது காயவும் நாளாவும்."