மூன்றாம் நம்பர் குக்கர்

இன்சோப் விடியுமுன் எழுந்தான். முகம் கழுவினான். அரிசியைக் களைந்து குக்கரில் போட்டு மூடியைத் திருகினான். அது பேசும் குக்கர். "சமையல் தொடங்குகிறது" என்றது ஒரு பெண் குரல். கொடியிலிருந்து காலுறையை எடுத்து மாட்டிக்கொண்டான். முந்தின நாள் முள்ளங்கி ஊறுகாயை வெட்டி ஒரு தட்டில் தனக்கும் ஒரு தட்டில் போரமுக்கும் வைத்தான். பிறகு உட்கார்ந்து காத்திருந்தான்.

அவனுக்குப் பகல் ஷிப்ட். மனைவி போரமுக்கு இரவு ஷிப்ட். ஒரே கம்பெனி, ஒரே படுக்கை, வேறு வேறு நேரம். அவன் வடிக்கும் சோறு அவனுக்குக் காலைச் சாப்பாடு, அவளுக்கு இராச் சாப்பாடு. குக்கர் சீறி முடிக்கும்வரை அவன் மூடியைத் தொடுவதில்லை. கல்யாணமான புதிதில், பசியில் ஒருமுறை அவசரப்பட்டான். போரம் கரண்டியாலேயே கையில் ஒரு போடு போட்டாள். "எஞ்சினியரிங் படிச்சவருக்கு ஆவின்னா என்னன்னு தெரியாதா?" என்றாள். அவள் பள்ளிப் படிப்போடு கம்பெனியின் உற்பத்தி லைனுக்கு வந்தவள்.

சாப்பிட்டான். மிச்சத்தைச் சூடாக இருக்க விட்டுவிட்டுக் கம்பெனி பஸ்ஸைப் பிடித்தான். ஆற்றுப் பாலத்தில் பனி இறங்கியிருந்தது. குமி நகரத் தொழிற்பேட்டையின் விளக்குகள் அணையவில்லை.

அவர்கள் கம்பெனி செய்தது மடிக்கும் போனின் திரை மட்டும்; போனாக்கி விற்பது மேல் கம்பெனி. மெல்லிய படலங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பெண்கள் ஒட்டுவார்கள். ஒட்டியதற்குள் காற்றுக் குமிழ் நிற்கும். அதை நசுக்கி வெளியேற்ற, ஆள் உயர உருளைக் கலத்துக்குள் தட்டுத் தட்டாக அடுக்கி, சூடும் காற்றழுத்தமும் ஏற்ற வேண்டும். அந்தக் கலத்துக்குத் தாளில் நீளமான பெயர் உண்டு. லைனில் எல்லோரும் குக்கர் என்றார்கள். மூன்றாம் நம்பர் குக்கர் போரமுடையது.

உடை மாற்றும் அறையில் காரம் என்பவள் எதிரே வந்தாள். இரவு ஷிப்ட் முடித்த பெண். முகமூடி அழுத்திய கோடு கன்னத்தில் சிவந்திருந்தது.

"போரம் வரலையா?" என்றான்.

"இன்னும் ஒரு லோடு ஏத்துன்னு லைன் தலைவன் குவாக் நிறுத்தி வச்சிருக்கான், அண்ணே. மல்சுக் அக்காவையும்தான். மேல் கம்பெனிக்காரன் காலைல வந்து எண்ணிப் பாப்பானாம்."

"சாப்பாடு ஆறிடும்."

"ஒரு போனை எதுக்கு மடிக்கணும்னு எவனாவது சொன்னானா? என் தம்பி கேக்குறான், மடிச்சா என்னக்கா லாபம்னு. எங்க ஓவர்டைம்தான்டா லாபம்னேன்." அவள் சிரித்துக்கொண்டே தலையுறையைக் கழற்றினாள். "உங்க ரூம்ல எப்படி? பிழைக்குதா?"

"மிஷின்ல பிழைக்குது."

அவன் வேலை மடிப்புச் சோதனை அறையில். இயந்திரத்தின் தாடைகளில் போன்களைப் பொருத்துவான். அது மடிக்கும், விரிக்கும், மறுபடி மடிக்கும். முதல் தடவை செய்த போன்களும் அங்கே எல்லாம் தேறின. வெளியே போனதும் செத்தன. மடிப்பின் இடுக்கில் தூசு புகுந்து திரை புடைத்தது. வாங்கிப் பார்த்தவர்களில் சிலர், மேலே இருந்த படலத்தைப் பாதுகாப்புத் தாள் என்று நினைத்து உரித்தே விட்டார்கள். "நானா இருந்தாலும் உரிச்சிருப்பேன். புதுசா எது வந்தாலும் முதல்ல அதைத்தானே செய்யறோம்?" என்று போரம் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். மேல் கம்பெனி விற்பனையை மாதக்கணக்கில் தள்ளி வைத்தது. கண்ணாடியா, பிளாஸ்டிக்கா என்று எஞ்சினியர்கள் அடித்துக்கொண்டார்கள். இயந்திரத்துக்குச் சட்டைப்பை இல்லை, அதில் தூசும் சில்லறையும் கிடப்பதில்லை என்று இன்சோப் ஒரு கூட்டத்தில் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. பிறகு புது மாதிரி வந்தது. அவசரமும் வந்தது.

போகிற வழியில் தாழ்வாரக் கண்ணாடிக்கு அப்பால் போரமைப் பார்த்தான். வெள்ளை உடைக்குள் கண் மட்டும் தெரிந்தது. அவள் கையைக் குவித்து வாயருகே கொண்டுபோய்ப் புருவத்தை உயர்த்தினாள். சாப்பிட்டாயா? அவன் தலையாட்டினான். அவள் குக்கர் பக்கம் திரும்பினாள்.

முதல் வரிசைப் போன்களைப் பொருத்திக்கொண்டிருந்தபோது சுவர் அதிர்ந்தது. இயந்திரம் நிற்கவில்லை. மடித்தது, விரித்தது.

மூன்றாம் நம்பர் குக்கரின் கதவு பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. அவள் அதன் நேர் எதிரே நின்றிருந்தாள்.

*

ஆஸ்பத்திரிக்குக் கீழே சாவுக்கூடம். அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. வாடகைக் கறுப்புக் கோட்டும் கைப்பட்டையும் போட்டுக்கொண்டு இன்சோப் அவள் படத்துக்குப் பக்கத்தில் நின்றான். வந்தவர்கள் ஊதுபத்தி ஏற்றி, படத்துக்கு இரண்டு முறை விழுந்து வணங்கி, அவனுக்கு ஒருமுறை வணங்கினார்கள். அவனும் வணங்கினான். அவர்கள் அந்தப் பக்கம் போய்ச் சிவப்பு மாட்டிறைச்சி சூப் குடித்தார்கள். அவனுக்கு அழுகை வரவில்லை. வாசலில் செருப்புகள் கோணலாகக் கிடந்தால் போய் நேராக்கி வைத்தான்.

இரண்டாம் நாள் மதியம் முதலாளி பே வந்தார். முன்னே ஆள் உயர மலர்வளையம் வந்தது. நாடாவில் அவர் பெயர் போரம் பெயரைவிடப் பெரிதாக இருந்தது. பின்னால் லைன் தலைவன் குவாக் வந்தான். வணங்கி முடித்து மூவரும் சூப்பின் முன் உட்கார்ந்தார்கள்.

"மனசைத் தேத்திக்கங்க, தம்பி" என்றார் பே. "நாளைக்கு விடியக்காலைல எடுத்துடுவோம். வண்டி, சுடுகாடு எல்லாத்துக்கும் சொல்லியாச்சு. நீங்க ஒண்ணுக்கும் அலைய வேணாம்."

"எப்படி நடந்துச்சு?" இன்சோப் கேட்டான். இரண்டு நாளில் அவன் கேட்ட முதல் கேள்வி அது.

பே கரண்டியைக் கீழே வைத்தார். "அழுத்தம் இறங்கி மணி அடிக்கறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு கதவைத் திறந்துடுச்சு. வீட்டுக்குப் போற அவசரம், பாவம். 'நேரமாச்சு, நானே திறந்துடறேன்'னு சொல்லிச்சாம். கடைசியா பேசினதே அதுதான். குவாக் தன் காதால கேட்டிருக்கான்."

குவாக் சூப்பில் மிதந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பூட்டுல மஞ்சள் டேப்பு இருந்துச்சே?"

"எந்த டேப்பு? லேபர் ஆபீசர் பாத்தாரே. அப்படி ஒண்ணும் இல்லையே." பே குரலைத் தணித்தார். "தம்பி, நீங்க படிச்சவர். புரிஞ்சுக்குவீங்க. போன தடவை உலகமே நம்மளப் பாத்துச் சிரிச்சுது. இந்தத் தடவை சீனாக்காரன் முந்திட்டான்னா கம்பெனி மட்டும் போகாது, இந்த ஊரே படுத்துடும். திங்கக்கிழமை மூணாம் நம்பரும் சேந்து ஓடியாகணும். அந்தப் பொண்ணு கவனக்குறைவு, நம்ம நேரம் சரியில்ல. இதோட முடிச்சுக்குவோம். உங்களுக்குச் செய்ய வேண்டியதை நான் பாத்துக்கறேன்."

இன்சோப் தலையைக் குனிந்தான். பே அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு எழுந்தார். அவன் வாசல்வரை போய், அவர் செருப்பைத் திருப்பி வைத்தான்.

அவர் போன பிறகுதான் லைன் பெண்கள் மூலை மேசையிலிருந்து நகர்ந்து கிட்டே வந்தார்கள்.

"போரம் அவசரப்பட்டாளா?" காரம் பொரிந்தாள். "நாத்தனார் கல்யாணத்துக்கே லேட்டாப் போனவ! பஸ்ஸை நிறுத்தி வச்சுட்டு லிப்ஸ்டிக் தேடினவ!"

இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அழுதார்கள்.

"பூட்டு சரியா விழலைன்னா அழுத்தம் ஏறக்கூடாது. அதுக்குத்தான் அந்த சென்சாரு" என்றாள் காரம். "அது மேல காந்தத்தை வச்சு டேப்பு ஒட்டினதை லைன்ல பாக்காதவ யாரு? ஒரு லோடுக்கு அவ்வளவு நேரம் மிச்சம்னு குவாக் பெருமையா சொன்னானே. ஆபீசர் வந்தப்ப டேப்பு இல்லன்னா, எடுத்தது யாரு?"

 எல்லோருடைய கண்ணும் மல்சுக்கைத் தேடியது. வயதில் மூத்தவள் அவள்தான். அந்தக் காலையில் போரமோடு நின்ற ஒரே ஆளும் அவள்தான்.

"அக்கா, நீங்க கூட இருந்தீங்க" என்றான் இன்சோப்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. தள்ளுவண்டிகிட்ட இருந்தேன். முதுகைக் காட்டிட்டு நின்னேன்." எழுந்து கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். மாதக் கடைசியில் அவள் ஒப்பந்தம் முடிகிறது. பே நேற்றே அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியது எல்லோருக்கும் தெரியும். அவளைக் குறை சொல்ல ஒருத்திக்கும் வாய் வரவில்லை. எல்லோர் ஒப்பந்தமும் முடிகிறவைதான்.

இன்சோப் தன் இடத்துக்குத் திரும்பினான். சமையலறையில் கூடத்துக் குக்கர் சீறத் தொடங்கியது. பரிமாறுகிற பெண் துணியைச் சுற்றிக்கொண்டு மூடியில் கை வைத்தாள்.

"தொடாத!"

கிண்ணங்கள் விழுந்து உருண்டன. "தொடாதடி! ஆவி இறங்கட்டும்! தள்ளிப் போ!" மல்சுக் அவளைப் பிடித்து இழுத்துச் சுவரோடு சாய்த்துக்கொண்டு நின்றாள். கையிலிருந்து சோப்பு நுரை சொட்டியது.  குக்கர் சீறி அடங்கியது. "சோறு தயார்" என்றது பெண் குரல்.

இன்சோப் வந்து நிலைப்படியில் நின்றான். மல்சுக் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்றேன், தம்பி. இப்ப வேணாம். இப்ப சொன்னா உனக்கு மட்டும் சொன்னதாயிடும். நாளைக்கு முதலாளி வருவார்ல, அவர் முன்னாடி சொல்றேன்."

அவன் திரும்பி எல்லோரிடமும் சொன்னான்: "நாளைக்கு எடுக்கல."

அந்த நாட்டில் அதற்கு விளக்கம் தேவையில்லை. கொன்றவன் ஒத்துக்கொள்ளாதவரை பிணத்தை எடுக்காமல் உட்கார்ந்த குடும்பங்கள் முன்பும் உண்டு. மாதக்கணக்கில் உட்கார்ந்தவர்களும் உண்டு.

"தாங்குவீங்களா, அண்ணே?" என்றாள் காரம். "அதுவரைக்கும் அவ ஐஸ் பெட்டியில..."

"அவளுக்குக் குளிர் ஆகாது" என்றான் இன்சோப். அப்போதுதான் அவன் குரல் உடைந்தது.

*

மூன்றாம் நாள் விடியற்காலை. நீளமான கறுப்பு வண்டி எஞ்சின் ஓட வாசலில் நின்றது. பே வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். இன்சோப் படத்தின் முன் தரையில் உட்கார்ந்திருந்தான். மல்சுக் அவன் பக்கத்தில்.

"வண்டி நிக்குது, தம்பி."

"நிக்கட்டும்."

"என்ன பேச்சு இது? செத்தவளை வச்சு வியாபாரம் பண்றீங்களா?"

"அவ திறக்கலன்னு சொல்லுங்க. டேப்பு ஒட்டினது நாங்கதான்னு சொல்லுங்க. பூட்டைச் சரி பண்ணுங்க. அப்புறம் எடுக்கறேன்."

பே பதில் சொல்வதற்குள் வெளியே பிரேக் சத்தம் கேட்டது. பகல் ஷிப்டை ஏற்றிக்கொண்டு போகிற கம்பெனி பஸ் சாலையோரம் நின்றுவிட்டது. அவர்களோடு பேசுவதற்கென்றே ஏறியிருந்த காரம் முதலில் இறங்கினாள். பின்னால் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். சிலர் இறங்கவில்லை. சன்னலோரம் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். குவாக் ஓடிப்போய்க் கத்தினான்: "ஏறுங்கம்மா! நேரமாகுது, ஏறுங்க!"

"உனக்குத்தான் எப்பவும் நேரமாகுது" என்றாள் காரம், அவனைத் தாண்டி உள்ளே நடந்தபடி.

பெண்கள் கூடத்தில் நிறைந்தார்கள். இன்சோப் அவர்கள் செருப்புகளை நேராக்கப் போகவில்லை. காரம் அந்தப் பெரிய மலர்வளையத்தைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

மல்சுக் எழுந்து நின்றாள். "முதலாளி, போனு உடைஞ்சுச்சு. அதுக்கு மாசக்கணக்கா எல்லாத்தையும் நிறுத்தி வச்சீங்க. ஒரு பொண்ணு செத்துட்டா. ஒரு ஷிப்டு நிறுத்த முடியலையா?"

"உன் ஒப்பந்தம் எப்ப முடியுதுன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதனாலதான் ரெண்டு நாளா சோறு இறங்காம வாயை மூடிட்டு இருந்தேன். கதவு விழுந்த கையோட குவாக் ஓடி வந்தான். அவளைத் தூக்க வரல. டேப்பை உரிக்க வந்தான். உரிச்சு பாக்கெட்ல போட்டுட்டுத்தான் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணான். அவன் கண்ணு என் கண்ணைப் பாத்துச்சு. இல்லேன்னு சொல்லச் சொல்லுங்க."

குவாக் வாசலில் நின்றிருந்தான். கை தானாகச் சட்டைப்பையை மூடியது. 

"திங்கக்கிழமை மூணாம் நம்பர்ல யார் நிப்பா?" என்றாள் காரம். "நான் நிக்கல. பூட்டு சரியாகாம ஒண்ணு, ரெண்டு, நாலுலயும் யாரும் நிக்கல."

"வேற ஆளு வரும்" என்றார் பே.

"வரட்டும். வாசல்ல நிப்போம். வர்றவகிட்ட நாங்க சொல்றோம், உள்ள என்ன நடந்துச்சுன்னு."

முதலாளியின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பெயரைப் பார்த்தார். மேல் கம்பெனியாக இருக்க வேண்டும். முதுகு தானாக வளைந்தது. "ஆமாங்க, ஐயா... இல்லைங்க, சின்ன விஷயம்" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார். திரும்பி வரவில்லை. போலீஸ் வருமா, பூட்டு வருமா, யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து வண்டிக்காரர் எஞ்சினை அணைத்தார். உள்ளே வந்து தொப்பியைக் கழற்றி ஒரு கிண்ணம் சூப் கேட்டார். பஸ்ஸிலிருந்து இன்னும் இரண்டு பேர் இறங்கி வந்தார்கள்.

பெண்கள் தரையில் நெருங்கி உட்கார்ந்தார்கள். ஒருத்தி முள்ளங்கி ஊறுகாயை இன்சோப்பின் பக்கம் நகர்த்தினாள்.

"அக்கா" என்றான் அவன். "அவ கடைசியா என்ன சொன்னா?"

மல்சுக் படத்தைப் பார்த்தாள். அவள் உதட்டோரம் மெல்ல அசைந்தது.

"அழுத்தம் காட்டற முள்ளு இன்னும் கீழ இறங்கல. குவாக் ஸ்பீக்கர்ல கத்திட்டே இருந்தான், திற, திறன்னு. இவ கதவைத் தொடல, தம்பி, அது தானாத்தான் பிச்சுக்கிட்டு வந்துச்சு. ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டா. ஸ்பீக்கரை அண்ணாந்து பாத்து, லைனுக்கே கேக்கற மாதிரி சொன்னா: 'அவ்வளவு அவசரம்னா நீங்களே வந்து திறங்க, தலைவரே. எங்க வீட்டுச் சோத்துக் குக்கரையே ஆவி இறங்காம நான் திறக்க விடமாட்டேன்.'"