ஞானத்தாய் நிற்க ஒருத்தி

தம்பியின் காதலை எப்படி உடைப்பது என்று ஆரோக்கியமேரி மாதக்கணக்கில் மண்டையைப் பிய்த்துக்கொண்டாள். கடைசியில் வயிற்றில் இருந்த பிள்ளை ஒரு நாள் எட்டி உதைத்தபோதுதான் வழி பிறந்தது.

தம்பி இன்னாசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மெக்கானிக். அதே இடத்தில் ஆபரேட்டராக இருந்தவள் மௌரீன், பெங்களூர் காக்ஸ் டவுனில் குடியிருக்கும் சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்திய, குடும்பத்துப் பெண். மௌரீன் மேல் ஆரோக்கியமேரிக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. கவுன் போட்டால் போட்டுக்கொள்ளட்டும், முட்டி தெரிந்தால் தெரியட்டும், கர்த்தர் படைத்த முட்டிதானே. அவள் பயந்தது மௌரீனின் அண்ணன் ஓஸ்வால்டுக்கு. அவன் லண்டனில் இருந்துகொண்டு, எல்லாரும் இங்கேயே வந்துவிடுங்கள் என்று மாதாமாதம் அழைத்துக்கொண்டிருந்தான். மௌரீனைக் கட்டினால் இன்னாசி கப்பல் ஏறுவது நிச்சயம்.

கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்தில் அம்மா கண்ணை மூடியபோது இன்னாசிக்கு ஐந்து வயது. அப்பாவைச் சுரங்கத் தூசி கொண்டுபோனது. அன்றிலிருந்து தம்பிக்குச் சோறு ஊட்டியவள், தலை வாரியவள், அடித்தவள், அடித்துவிட்டு அழுதவள் எல்லாம் அவள்தான். தாஸைக் கட்டிக்கொண்டு பெங்களூருக்கு வந்தபோது சீர்வரிசை என்று அவள் கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் இந்தத் தம்பியும். அவனும் போய்விட்டால் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு இந்தப் பூமியில் ஒரு ஆள் கிடையாது. அந்தப் பயம் நிஜமான பயம். அதற்கு அவள் கண்டுபிடித்த மருந்துதான் கொஞ்சம் கோணல்.

தம்பியைக் கட்டிப்போட அவள் ஏற்கெனவே ஒரு பெண்ணைத் தயாராக வைத்திருந்தாள். தாஸின் தங்கை லூர்துமேரி, ஆரோக்கியமேரியின் அல்சூர் வீட்டிலேயே, அதே சமையலறையில் இருந்தாள். நல்ல பெண். நல்ல பெண் என்றால், எதைச் சொன்னாலும் "சரிங்க அண்ணி" என்பாள் என்று அர்த்தம். கல்யாண விஷயமாக இன்னாசியிடம் நூறு தடவை பேசியாயிற்று, மாமனார் சவரிமுத்துவிடம் பேசியாயிற்று, அக்கம்பக்கத்தில் பேசியாயிற்று. லூர்துவிடம் மட்டும் யாரும் பேசவில்லை. அவளிடம் என்ன பேச இருக்கிறது?

வயிற்றுப்பிள்ளை சொல்லிக்கொடுத்த வழி இது. ஒரே பிள்ளையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாகவும் ஞானத்தாயாகவும் நின்ற ஆணும் பெண்ணும் அந்த நிமிஷத்திலிருந்து அண்ணன் தங்கை. அவர்களுக்குள் கல்யாணம் கூடாது. இதை அம்மா சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். எந்தப் புஸ்தகத்தில் இருக்கிறது என்று யாரும் தேடியதில்லை, தேட வேண்டிய அவசியமும் வந்ததில்லை. ஆகவே தன் பிள்ளைக்கு இன்னாசியையும் மௌரீனையும் ஜோடியாக நிறுத்திவிட்டால் காரியம் முடிந்தது. சண்டை இல்லை, அழுகை இல்லை, கோயிலே முடிச்சை அவிழ்த்துவிடும்.

வெறும் வழக்கம் மட்டும் போதாது, பயமும் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அதனால் மாரிகுப்பத்துச் சாந்தப்பன் கதையைத் தெருவெல்லாம் சொன்னாள். சாந்தப்பனும் ராக்கினியும் ஒரு பிள்ளைக்கு ஞானப் பெற்றோராக நின்றுவிட்டு, முறை கெட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். முதல் ராத்திரியே ஓடு சரிந்தது, வருஷம் திரும்புவதற்குள் சாந்தப்பனுக்குக் கண் போயிற்று. சாந்தப்பன் என்று ஒருவன் மாரிகுப்பத்தில் பிறக்கவே இல்லை என்பது அவளுக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரியும். கோலாரிலிருந்து வந்து சேர்ந்த மாமனார் இந்தக் கதையைக் கேட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். சாந்தப்பனைத் தனக்கே லேசாக ஞாபகம் இருப்பதாகவும் சொன்னார். இன்னாசி மட்டும் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அக்கா தானாகவே மௌரீனைக் கூப்பிட்டதே போதும் என்றிருந்தான்.

அழைப்பு போய்ச் சேர்ந்ததும் காக்ஸ் டவுனில் மௌரீனின் தாய் டோரதி வேறு கணக்குப் போட்டாள். அவர்கள் வழக்கத்தில் கல்யாணம் ஆகாத ஒரு பையனையும் பெண்ணையும் ஒரே பிள்ளைக்கு காட்ஃபாதர், காட்மதர் என்று நிறுத்தினால், அது ஊருக்கு ஜாடையாகச் சொல்லும் சேதி. டோரதியும் காலஞ்சென்ற அவள் புருஷனும் அப்படி ஒரு பிள்ளைக்கு நிற்கப் போய்த்தான் ஜோடி சேர்ந்தார்கள். தமிழர்கள் பெண் கேட்பது இப்படித்தான் போலிருக்கிறது, எவ்வளவு நாசூக்கு என்று அவள் கண் கலங்கினாள். ஒருத்தி பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள், இன்னொருத்தி அதே கதவுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தாள்.

பெண் பிள்ளை பிறந்தது. பிலோமினா என்று பெயர் முடிவாயிற்று. வெகுமதிகள் முன்கூட்டியே வரத் தொடங்கின. தாய்மாமனும் அவனே, ஞானத்தகப்பனும் அவனே என்பதால் இன்னாசி இரட்டைச் செலவு செய்து வெள்ளி அரைஞாணும், பால் புகட்ட வெள்ளிப் பாலாடையும் வாங்கினான். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி, உங்க சாமி கோவிச்சுக்காதில்ல என்று கேட்டுக்கொண்டு வசம்பு வளையல் கட்டினாள். டோரதி ஒரு லேஸ் அங்கியை அனுப்பினாள். ஓஸ்வால்டும் மௌரீனும் அதில்தான் ஞானஸ்நானம் பெற்றார்களாம், பிள்ளையைவிட இரண்டு மடங்கு நீளம். பிறந்த பிள்ளைக்கு முதல் துணி பழசாக இருக்கலாம், கோயிலுக்குப் போகும் துணியுமா பழசு என்று ஆரோக்கியமேரி பல்லைக் கடித்தாள். ஆனால் காரியம் பெரிது. அங்கியைச் சாம்பிராணிப் புகையில் காட்டி எடுத்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஞானஸ்நானம். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் கழியும் முன் கோயிலுக்குப் போகக் கூடாது. ஊரையே ஆட்டிவைக்கத் திட்டம் போட்டவள் காதில் பஞ்சோடு, பூண்டுக் குழம்பு வாசத்தோடு கட்டிலில் கிடக்க வேண்டியதாயிற்று. எதுவும் பிசகிவிடக் கூடாது என்று மூன்று மணிக்கே எல்லாரையும் விரட்டி அனுப்பினாள். அந்த வீட்டார் ஒரு காரியத்துக்கு நேரத்தோடு போனது அதுதான் முதல் தடவை.

துணைக்கு உட்கார்ந்திருந்த பாஞ்சாலியிடம் மௌரீனுக்குச் சொல்லப்போகும் வார்த்தைகளை அவள் ஒத்திகை பார்த்தாள். பிள்ளையை ஏந்தி ஞானஸ்நானம் வாங்கியவள்தான் அதைக் கொண்டுவந்து தாய் மடியில் வைக்க வேண்டும். அப்படி மௌரீன் குனியும்போது, "வாம்மா, இனிமே நீ இன்னாசிக்குக் கூடப் பொறந்தவ" என்று உருக்கமாகச் சொல்ல வேண்டும். பாஞ்சாலி, குரல் இன்னும் கொஞ்சம் தழுதழுத்தால் நன்றாயிருக்கும் என்றாள்.

வாசலில் சத்தம் கேட்டது. ஆரோக்கியமேரி முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டாள். லேஸ் அங்கி தரையில் புரள, பிள்ளையை ஏந்திக்கொண்டு உள்ளே வந்தவள் லூர்துமேரி.

தாஸ் திக்கித் திணறிச் சொன்னதிலிருந்து விஷயம் விளங்கிற்று. நாலு அடித்தும் மௌரீன் வரவில்லை. பங்குச் சாமியார் பிரெஞ்சுக்காரர், கடிகாரத்தோடு பிறந்தவர், நாலரைக்கு அவருக்கு ஒரு சவ அடக்கம் இருந்தது. கொஞ்சம் பொறுக்கும்படி இன்னாசி கெஞ்சினான். பிணமும் பொறுக்காது, பிசாசும் பொறுக்காது, ஞானத்தாய் நிற்க வேறொருத்தி வரட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். லூர்து முன்னால் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். விசுவாசப் பிரமாணத்தை ஒரு இடத்திலும் தடுமாறாமல் சொன்னாள். இன்னாசியைத்தான் சாமியார் இரண்டு தடவை தொட்டு உசுப்ப வேண்டியிருந்ததாம்.

ஆரோக்கியமேரி பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டாள். பாஞ்சாலிதான், "அப்போ இதுங்க ரெண்டும் இப்ப அண்ணன் தங்கச்சியா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டுவைத்தாள்.

அடுத்து ஒரு ஜட்கா வண்டி வந்து நின்றது. தொப்பியும் கையுறையுமாக டோரதி, பின்னால் மௌரீன், வண்டிக்காரன் கையில் மூன்றடுக்குக் கேக். நேராகக் கோயிலுக்குப் போனார்களாம், அங்கே யாருடைய சவப்பெட்டியோ இருந்ததாம். "உங்க ஆளுங்க நாலுன்னா அஞ்சுதானே மேன்? அதான் நாங்க கரெக்டா அஞ்சுக்கு வந்தோம்" என்று டோரதி தாஸைப் பிடித்துக்கொண்டாள். நியாயமான கேள்விதான். இத்தனை வருஷம் கண்டோன்மெண்டில் இருந்து அவள் கற்றுக்கொண்ட ஒரே தமிழ் வழக்கம் அது. காட்மதர் மௌரீன் அன்புடன் அளித்தது என்று இங்கிலீஷில் பொறித்த வெள்ளி மக் ஒன்றை மௌரீன் கொண்டுவந்திருந்தாள். அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். டோரதி பாலாடையை எடுத்துப் பார்த்து, கிரேவி ஊற்ற அழகான பாத்திரம் என்று பாராட்டினாள். இன்னாசி மட்டும் வெகுநேரம் கழித்து முதல் தடவையாகச் சிரித்தான்.

கேக் தின்று முடித்ததும் சவரிமுத்து தீர்ப்புச் சொன்னார். லூர்துவுக்கும் இன்னாசிக்கும் பேசி வைத்திருந்ததெல்லாம் இன்றோடு முடிந்தது, கோலாரில் வேறு இடம் பார்க்கிறேன் என்றார். ஆரோக்கியமேரி தலையில் இடி விழுந்தது. அதெல்லாம் பழைய காலத்து வழக்கம், இப்போது யார் பார்க்கிறார்கள் என்று ஆரம்பித்தாள். மாமனார் அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

மறுநாள் தாஸை அனுப்பிச் சாமியாரையே வீட்டுக்கு வரவழைத்தாள். அவர் புத்தகத்தில் தமிழ் படித்தவர். நாற்காலி நுனியில் உட்கார்ந்து தெளிவாகச் சொன்னார். "திருச்சபைச் சட்டப்படி ஞானத்தகப்பனுக்கும் ஞானத்தாய்க்கும் இடையே எந்த உறவும் உண்டாவதில்லை. தடை உண்டாவது ஞானத்தகப்பனுக்கும் இந்தக் குழந்தைக்கும் மட்டுமே. இன்னாசி பிலோமினாவை மணக்கலாகாது." அதாவது ஊர் முறைப்படி தாய்மாமனுக்குப் பாத்தியப்பட்ட ஒரே பெண்ணை ரோமாபுரி மறுத்துவிட்டது, ஊர் மறுத்த லூர்துவைத் தாராளமாக அனுமதித்துவிட்டது. பிலோமினா இரண்டு தரப்பையும் சட்டை செய்யாமல் கொட்டாவி விட்டாள்.

சாமியார் போகும்வரை சவரிமுத்து கை கட்டி நின்றார். போனதும், "அவருக்கு அவங்க தேசத்து முறை தெரியும். நம்ம முறை ஆரோக்கியமேரிக்குத்தானே தெரியும்" என்றார். சாந்தப்பனின் கண் போனதைச் சட்டம் பார்த்துக்கொண்டிருந்ததா என்று கேட்டார்.

வேறு வழி இல்லாமல் ஆரோக்கியமேரி உண்மையைச் சொன்னாள். "சாந்தப்பன்னு யாரும் இல்ல மாமா. நான்தான் கதை கட்டிவுட்டேன்."

சவரிமுத்து மகனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிள்ளை பெற்ற உடம்பு, பூண்டு பத்தவில்லை, என்னவோ உளறுகிறாள், காதுக்குப் பஞ்சை மாற்றிவிடு என்று சொல்லிவிட்டு வெளியே போனார். ஒரு பொய்யை அவள் எவ்வளவு நன்றாகச் சொல்லியிருந்தாள் என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

மத்தியானம் லூர்துமேரி பத்தியச் சோறு கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைத் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். ஆரோக்கியமேரிக்குச் சோறு இறங்கவில்லை. அத்தனை ஆத்திரமும் இந்தப் பெண் மேல் திரும்பிற்று. கோயிலில் வேறு பெண்பிள்ளைகளே இல்லையா என்று கேட்டாள்.

"ஏழெட்டு பேர் இருந்தாங்க அண்ணி."

"அப்புறம் நீ ஏன்டி முன்னால போய் நின்ன? நின்னா இன்னா ஆவும்னு தெரியாதா உனக்கு? தெருவெல்லாம் சொன்னேனே."

"தெரிஞ்சிதான் நின்னேன்."

லூர்து ஒரு துணியை மடித்து வைத்து, அடுத்ததை எடுத்தாள். "அவரு பக்கத்துலதான் அண்ணி நானும் நின்னுக்கினு இருந்தேன், நாலு அடிக்கிறதுக்கு முன்னாடி இருந்து. வாசலையே பாத்துக்கினு நின்னாரு. பக்கத்துல ஒரு ஆள் நிக்கறதே தெரியல அவருக்கு. ஆயுசு பூரா அப்படிப் பக்கத்துல நிக்கறதுக்கு, ஒரே ஒரு தடவ நின்னு முடிச்சிட்டு வந்துடலாம்னு தோணிச்சு."

ஆரோக்கியமேரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். இந்தக் குரலை அவள் இதற்கு முன் கேட்டதில்லை. இத்தனை வருஷமாக 'சரிங்க அண்ணி' என்றவள் ஒரு தடவைகூடச் சரி என்று நினைக்கவில்லை. தம்பி போய்விடுவானே என்று தனக்கிருந்த பயத்தை வைத்து ஒரு பெண்ணின் ஆயுளையே விலை பேசியிருக்கிறோம் என்பது இப்போது உறைத்தது. வெட்கமாக இருந்தது. தம்பி போகப்போகிறான் என்ற துக்கமும் அப்படியே இருந்தது. வெட்கம் வந்துவிட்டால் துக்கம் போய்விடுமா என்ன? கண்ணிலிருந்து தண்ணீர் சோற்றில் விழுந்தது. பத்தியச் சோற்றில் உப்புக் குறைவுதான், அதனால் பரவாயில்லை என்று சாப்பிட்டாள்.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு லூர்து போகப் பார்த்தாள். ஆரோக்கியமேரி கூப்பிட்டு நிறுத்தினாள்.

"நாப்பது கழியட்டும், காக்ஸ் டவுனுக்குத் தட்டு எடுத்துக்கினு போய் முறையா பொண்ணு கேக்கணும். நீயும் என்கூட வரணும்."

"நான் எதுக்கு அண்ணி?"

"மாப்பிள்ளைக்குத் தங்கச்சின்னு வேற யாருடி இருக்கா?"