புகார் இல்லாத தெரு

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். வீட்டுத் தரகர் அப்படியொரு மூடியைச் செய்து, தன் தெருவில் ஒவ்வொரு வாய்க்கும் அளவெடுத்துப் பொருத்தி வைத்திருந்தார். எந்த வீட்டில் திருடு போனாலும் முதலில் போய் நிற்பவர் அவர்தான். துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துகொள்வார்.

"போனது போச்சு. புகார் குடுத்தா போனது வருமா? தெருவோட பேருதான் சந்தி சிரிக்கும். அப்புறம் உங்க வீட்டை ஓசியில குடுத்தாலும் வாங்க ஆள் வராது, பார்த்துக்குங்க."

சைக்கிள் போனவர், பீரோவே காலியானவர் என்று எல்லோரும் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். மருந்துக்கடையின் பூட்டை உடைத்துக் கல்லாவைத் துடைத்துவிட்டுப் போனபோதுகூடக் கடைக்காரர் புதுப் பூட்டு வாங்கினாரே தவிரக் காவல் நிலையப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

சுற்றியிருந்த தெருக்களில் வழிப்பறியும் திருட்டும் பதிவாகிக்கொண்டே போக, இந்தத் தெரு மட்டும் காவல் நிலையக் கணக்கில் பச்சைக் குழந்தை மாதிரி இருந்தது. குழந்தைக்கு எதற்குக் காவல் என்று, முனையிலிருந்த போலீஸ் சாவடியைப் பெயர்த்துக்கொண்டு போய் வேறு தெருவில் வைத்துவிட்டார்கள். தரகருக்குத் தலைகால் புரியவில்லை. "போலீசே தேவைப்படாத தெருங்க இது" என்று சொல்லிச் சொல்லியே வீடுகளின் விலையை ஒரு படி ஏற்றினார்.

சாவடி போன இடத்துக்கு எதிரே இருந்த குட்டிச்சுவரில் ஒருவன் வந்து உட்கார ஆரம்பித்தான். நெட்டையன். யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை.

ஒருநாள் காலையில் பால் பாக்கெட்டோடு வந்துகொண்டிருந்த தரகரின் மனைவியுடைய சங்கிலியில் அவன் கைவைத்தான். சங்கிலி கெட்டி, அறுபடவில்லை. அதனால் அவளையும் சேர்த்து இழுத்தான். மருந்துக்கடை வாசல்வரை தரையோடு இழுத்துப் போன பிறகுதான் கொக்கி விட்டது. மணிக்கட்டு முறிந்தது. கழுத்தைச் சுற்றிக் கயிறு கட்டின மாதிரி ஒரு காயம். அவள் குரல் கேட்டாலே காய்கறிக்காரன் தானாக விலையைக் குறைத்துச் சொல்வான். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவள் தண்ணீர் கேட்டது பக்கத்தில் இருந்த நர்சுக்கே கேட்கவில்லை.

மூன்றாம் நாள், வீடு திரும்பியிருந்தவள் மாடி ஜன்னலோரம் நின்று கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்க. அவன்தான். அதே சுவர்ல உட்கார்ந்திருக்கான்."

"நல்லாப் பாத்தியா?"

"என்னைப் பார்த்துட்டான். கழுத்தைத் தடவிக் காட்டிச் சிரிக்கிறான். போலீசுக்குப் போங்க. அவனைப் பிடிக்கலேன்னா நான் இனிமே இந்த வாசப்படியைத் தாண்ட முடியாது."

தரகர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார். காவல் நிலையத்தில் எஸ்.ஐ. அவரை மாப்பிள்ளை மாதிரி வரவேற்றார்.

"உங்க தெருவா? எங்க ஏரியாவுலயே தங்கமான தெரு சார். அங்க வழிப்பறியா?"

விவரம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். 'ம்', 'ஓகோ' என்று கேட்டுக்கொண்டவர், போனை வைத்துவிட்டுத் தரகரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்கன்னு சொன்னாங்களாமே. சொன்னது யாரு?"

சொன்னது தரகர்தான். டாக்டர் கேட்ட மாத்திரத்தில், யாரும் தூண்டாமல், பழக்கதோஷத்தில் வாய் தானாகச் சொன்ன பொய். வருஷக்கணக்காக ஊருக்குச் சொல்லிக் கொடுத்தது, வீட்டுக்காரி ரத்தத்தோடு படுத்திருந்தபோதும் பிசகாமல் வந்து விழுந்தது. அப்போது அவள் கட்டிலிலிருந்து தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். வலியால் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"சார், அது வாய் தவறி..."

"அப்ப வாய் தவறுச்சா, இப்பத் தவறுதான்னு எனக்கு எப்படித் தெரியும்? சுவர்ல உட்கார்றது குத்தமில்லையே. பார்த்த சாட்சி ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க, தூக்கி உள்ள வைக்கிறேன்."

சாட்சி இருந்தார். கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது கண்ணெதிரே எல்லாவற்றையும் பார்த்தவர் மருந்துக்கடைக்காரர். அவர் தன் வீட்டை விற்றுவிட்டு மகனிடம் போய்ச் சேரக் காத்திருந்தார். ஆள் பிடித்துக் கொடுத்து, முன்பணம் வரைக்கும் வாங்கிக் கொடுத்தவரே தரகர்தான்.

"அண்ணே, ஒரே ஒரு வார்த்தை. பார்த்தேன்னு சொன்னா போதும்."

"பார்த்தேன். உங்ககிட்டச் சொல்றேன், உங்க வீட்டம்மாகிட்டச் சொல்றேன். போலீஸ்ல சொல்ல மாட்டேன்."

"நம்ம வீட்டுப் பொம்பளைண்ணே."

"இல்லேன்னு யாரு சொன்னா? தங்கச்சி விழுந்தப்ப தூக்கி உட்கார வச்சவனே நான்தான். ஆனா வீடு வாங்குறவர் தினம் போன் பண்ணி, தெரு எப்படி, தெரு எப்படின்னு கேக்குறார். நானே கோர்ட்டுல ஏறி இங்க வழிப்பறின்னு சொன்னா மனுஷன் திரும்பிப் பார்ப்பாரா?"

"என் கமிஷன் வேண்டாம். ஒரு காசு வேண்டாம்."

"உங்களுக்குக் கமிஷன்தான் போகும். எனக்கு வீட்டு வியாபாரமே நின்னு போகும். ரெண்டும் ஒரே எடையா?"

"வேற ஆள் பிடிச்சுத் தர்றேன். இதைவிட நல்ல விலைக்கு."

"வழக்கு நடக்குற தெருவுலயா?" மருந்துக்கடைக்காரர் சிரிக்கவில்லை. "என் கடையை உடைச்சப்ப நீங்க வந்து உட்கார்ந்து எனக்கு ஒரு கணக்குச் சொன்னீங்க. சரியான கணக்கு தரகரே. இன்னைக்கும் அதுல ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியலே. கோவிச்சுக்காதீங்க."

தரகர் ஏறாத வீடில்லை. மேல்வீட்டுக்காரர் அன்றைக்குத் தூங்கிக்கொண்டிருந்தாராம். எதிர்வீட்டு அம்மாள் சத்தம் கேட்டாளாம், முகம் தெரியவில்லையாம். தையற்காரர் மட்டும் மனம் இளகி, "அந்த நெட்டைப் பய..." என்று தொடங்கினார், உள்ளேயிருந்து அவர் மனைவி, "உங்களுக்கெதுக்கு ஊர் வம்பு?" என்றதும் ஊசியில் நூல் கோர்க்கக் குனிந்துகொண்டார். குதிரைக்கே கொம்பு இருக்கிறதென்று சொல்லி விற்கக்கூடியவர் என்று பேர் எடுத்தவருக்கு, உண்மையை ஒரு வாசலில்கூட விற்க முடியவில்லை.

அவர் திரும்பி வரும்போது சுவரில் நெட்டையன் இருந்தான். காலை மடக்கி அவருக்கு வழிவிட்டான்.

வீட்டில் மனைவி நாற்காலியை ஜன்னலிலிருந்து தள்ளி, சுவரோரம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எழுதிக்கிட்டாங்களா?"

எழுதிக்கிட்டாங்க என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். தலை இல்லையென்று ஆடியது.

"யாரும் வரலியா?"

"வரலே."

அவள் கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அழவில்லை. ஏசவுமில்லை, ஏசியிருந்தால் அவருக்கு மூச்சாவது வந்திருக்கும்.

"சாயங்காலம் வீடு காட்டப் போகணும்னீங்களே, போறீங்களா?"

"போகலே."

"போங்க. வீட்டுல உட்கார்ந்து என்ன ஆகப் போகுது?" என்றவள், இடது கையால் சாவிக்கொத்தை எடுத்து நீட்டினாள். "போறப்ப வெளிய பூட்டிட்டுப் போங்க. வீட்டுல ஆள் இல்லேன்னு நினைச்சுக்கட்டும்."

"பூட்டு தொங்கினா திருட வருவாங்கம்மா."

"அப்ப உள்ள தாழ் போட்டுக்கவா? ஆள் இருக்குன்னு தெரிஞ்சாலும் வருவான்." அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எது நல்லது? நீங்களே சொல்லுங்க."

தரகர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். பூட்டவும் மனம் வரவில்லை, திறந்து வைக்கவும் துணிவில்லை.