வாயோரம் ஒரு கோணல்

"போட்டோ எடுடான்னுதான் சொன்னேன். மூஞ்சிய மாத்துடான்னு யாரு சொன்னா?"

"மாத்தலக்கா. லேசா சரி பண்ணினேன். எல்லாருக்கும் பண்றதுதான். சரி பண்றதுக்கும் மாத்துறதுக்கும்..."

"சரி பண்றதுக்கு என் வாய் என்ன ஒழுகுற குழாயா?"

"...வித்தியாசம் இருக்குன்னு சொல்ல வரேன். நீ எங்க பேச விடுற?"

தம்பியின் ஸ்டூடியோவில், சாயம் போன அருவித் திரைக்கு முன்னால், பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்கள் உட்காரும் முக்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஓவியக்கூடத்திலிருந்து காலையில் வந்த கடிதம். அந்தக் கூடத்தின் ஆண்டுக் கண்காட்சிக்கு ஏழு வருஷம் படம் அனுப்பி, ஏழு வருஷமும் 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று ஆரம்பிக்கும் கடிதத்தை வாங்கிக் கட்டிக்கொண்டவள். எட்டாவது கடிதம் 'மகிழ்ச்சியுடன்' என்று ஆரம்பித்தது. அதைப் படித்து அவள் மகிழ்ந்தது அரை நிமிஷம். தேர்வான படத்தின் சின்ன அச்சு ஒன்றைக் கூடவே வைத்திருந்தார்கள். அதில் இருந்தது அவள் வரைந்ததல்ல.

வரைந்தது தன்னையேதான். அறுபத்து மூன்று வயது முகம். பதினொரு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் முகநரம்பு கைவிட்டு, இடது வாயோரம் சரிந்து, சரிந்தபடியே நின்றுவிட்டது. அந்த ஓரத்தை மட்டும் பன்னிரண்டு நாள் வரைந்தாள். குடிநீர் வாரியத்தின் வரைபடப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் குழாய்ப்பாதை வரைந்த கை அது. அங்கே கோடு மயிரிழை பொய் சொன்னாலும் தண்ணீர் நடுத்தெருவில் வந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பயத்தோடு வரைந்த வாயைத் தம்பி கணினியில் ஒரே இழுப்பில் தூக்கி நிறுத்தியிருந்தான். போதாததற்குக் கன்னத்துக்கு இஸ்திரி போட்டு, கழுத்து மடிப்பைத் துடைத்தெறிந்து, நிறத்தையும் இரண்டு படி ஏற்றியிருந்தான்.

அவன் பிழைப்பே அதுதான். அவன் கடைக்குள் கறுப்பாக நுழைந்த யாரும் படத்தில் கறுப்பாக வெளியே போனதில்லை. செத்துப்போனவரின் அடையாள அட்டையைக் கொடுத்தால்கூடச் சிரிக்கவைத்துப் பெரிதாக்கித் தருவான். உயிரோடு இருந்தபோதுகூட மனுஷன் இப்படிச் சிரித்ததில்லை என்று வீட்டார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கிப்போவார்கள். அந்தக் கண்ணீரைப் பார்த்துப் பார்த்துத்தான் அவனுக்குத் தன்னைப் பற்றி ஒரு அபிப்பிராயம் ஏற்பட்டுவிட்டது.

படத்தைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், முதலில் புகைப்படம் அனுப்பினால் போதும் என்று இந்த வருஷம் விதியை மாற்றியிருந்தார்கள். அவள் கைபேசியில் எடுத்தால் படத்தின்மேல் ஜன்னல்தான் பளபளத்தது. அதனால் தம்பியிடம் கொடுத்தாள். எடுத்ததும் அவன், அனுப்பியதும் அவன். குரங்கு கையில் பூமாலையைக் கொடுத்துவிட்டுக் குரங்கைத் திட்டுவானேன் என்று தன்னையும் ஒரு தடவை திட்டிக்கொண்டாள்.

கடிதத்தின் கடைசி வரிதான் கழுத்தைப் பிடித்தது. கொண்டுவரும் அசல் படம், அனுப்பிய புகைப்படத்தோடு எல்லா வகையிலும் ஒத்திருக்க வேண்டும்; மாறினால் தேர்வு ரத்து. நாளை மதியத்துக்குள் ஒப்படைக்க வேண்டும்.

தம்பி அதையும் படித்துவிட்டு, தலை போகிற விஷயமில்லை என்றான். அனுப்பிய போட்டோவை இனி மாற்ற முடியாது, வரைந்த படத்தை மாற்றலாமே. உன் கைக்கு அது எவ்வளவு நேரம் என்று கேட்டான். ஏதோ சட்டையில் பொத்தான் தைக்கச் சொல்வதுபோல.

அவள் முக்காலியை விட்டு எழுந்ததைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"உன்ன அந்த மாதிரிப் பாக்க எனக்கு மனசு வரலக்கா. அன்னிக்கு உன்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினவன் நான்."

அது உண்மை. உண்மை என்பதால்தான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. பதினொரு வருஷமாக எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவன், இந்த வாயை ஒரு நாளும் நேராகப் பார்த்ததில்லை என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான். அதற்குப் பாசம் என்று பெயரும் வைக்கிறான்.

கடைக்கு மேலே இருந்த வீட்டுக்குப் போகும் மாடிப்படியில் தம்பி மனைவி காத்திருந்தாள். கீழே நடந்ததெல்லாம் காதில் விழாததுபோல் முகத்தை வைத்துக்கொள்ளக் கூட அவளுக்குப் பொறுமையில்லை.

"ஏழு வருஷம் ஏங்கினீங்களே அண்ணி. ஒரு இஞ்ச் வாய். அத விட்டுக்குடுத்தா என்ன குறைஞ்சிடப் போகுது?"

முக்கால் இஞ்ச் என்று திருத்திவிட்டு அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த ஓவியக்கூடத்துச் சுவரில் தொங்க அவளுக்கு ஆசையில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு வருஷமும் நல்ல புடவை கட்டிக்கொண்டு போய், தேர்வான படங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு வருவாள். மாட்டுக்கு ஐந்தாவது கால் போட்டவனும் தொங்குவான். சிவப்பு டப்பாவைத் தட்டிக் கொட்டிவிட்டு அதற்குப் 'போர்' என்று பெயர் வைத்தவனும் தொங்குவான். வெளியே வரும்போது அவளுக்கு வாய் கசக்கும். ஆனாலும் அடுத்த வருஷ விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டுதான் வருவாள்.

ஆகவே வெள்ளையும் காவியும் துளி சிவப்பும் குழைத்தாள். பூனைமீசையைவிட மெல்லிய தூரிகையை எடுத்தாள். எங்கே தூக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள, கண்ணாடி முன் நின்று, ஒற்றை விரலால் இடது வாயோரத்தை மேலே தள்ளினாள். கண்ணாடியில் தம்பி இளித்தான். அதே பல்வரிசை, அதே அசட்டுத்தனம். விரலை எடுத்ததும் அவன் போய்விட்டான்.

தூரிகையைத் துடைத்து வைத்துவிட்டு, படத்தைக் குப்புறப் போட்டுப் பின்பக்க வேலையை ஆரம்பித்தாள். விதிப்புத்தகத்தில் சொன்னபடி இரண்டு பக்கமும் வளையம், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில். நடுவே கம்பி, முனையை உள்ளே மடித்து, கையைக் கிழிக்காதபடி. பழுப்புத் தாள் ஒட்டி, பெயரும் தலைப்பும் அளவும் எழுதிய சீட்டு. நாலு மூலைக்கும் அட்டைக் காப்பு. முன்பக்கத்தை மட்டும் தொடவே இல்லை.

மறுநாள் தம்பிதான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். வழியெல்லாம் அவன் மடியில் ஒரு துணிப்பை. என்ன அது என்று கேட்டாள். சும்மா, உன் பெயிண்ட்டுதான், எதுக்கும் இருக்கட்டுமேன்னு எடுத்தேன் என்றான்.

ஓவியக்கூடத்தின் முன்வாசல் பளிங்கு. படம் கொண்டுவருகிறவர்களுக்குப் பின்வாசல், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில். வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவர், ஈரம் காயாத படத்தைப் பந்திக்குக் கொண்டுபோகும் தட்டுபோல் ஏந்திக்கொண்டு, யாரும் கிட்டேயே வராதபோதும் தொட்டுடாதீங்க தொட்டுடாதீங்க என்று முனகிக்கொண்டிருந்தார். அவர் படம் புகைப்படத்தோடு ஒத்துப்போயிற்று. இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை.

மேசையில் இருந்த பெண் அளவுநாடா வைத்துப் பார்த்தாள், கம்பியை இழுத்துப் பார்த்தாள், சீட்டைப் படித்தாள். இவ்வளவு சுத்தமாக யாரும் கொண்டுவருவதில்லை என்று மெச்சினாள். பிறகு படத்தை நிமிர்த்தி, அச்சை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"அம்மா, மாத்தி எடுத்துட்டு வந்துட்டீங்களா?"

சொல்லிவிட்டு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தவள், சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, நிர்வாகியைக் கூப்பிட உள்ளே போனாள்.

நிர்வாகி அம்மாள் வந்தாள். கழுத்தில் மரக்கட்டை மாலை, கையில் ஆறிப்போன டீ. படத்தைப் பார்த்தாள், அச்சைப் பார்த்தாள். வரைந்தவளின் முகத்தை மட்டும் பார்க்கத் தேவைப்படவில்லை. தேர்வுக்குழுவில் அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் அரைமணி நேரம் பேசினார்களாம். வலியைத் தாண்டிய முகம் என்று ஒருவர் குறிப்பே எழுதியிருக்கிறாராம். இந்தப் படத்தில் அந்த நிறைவு இல்லையே என்று வருத்தப்பட்டாள். நல்லவேளை, மதியத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது, பக்கத்து அறையில் மேசை தரச்சொல்கிறேன், சின்னத் திருத்தம்தானே என்றாள்.

தம்பி துணிப்பையைத் திறந்தான்.

"திருத்தம் வேண்டாம்மா," என்றாள் அக்கா. "அந்தச் சிரிப்பு என்னுது இல்ல. இவன் போட்டது. கல்யாண ஆல்பத்துல எல்லாருக்கும் போடுறத எனக்கும் போட்டுட்டான். அவ்வளவு பிடிச்சிருந்தா இவனோடதையே மாட்டிக்கங்க."

காறித் துப்புவதற்குப் பதிலாகச் சொன்னது அது. ஆனால் நிர்வாகி அம்மாள் டீயைக் கீழே வைத்துவிட்டாள். தம்பியை முதல் தடவையாக ஏற இறங்கப் பார்த்து, நீங்கள் புகைப்படக் கலைஞரா என்று விசாரித்தாள். புகைப்படப் பிரிவில் ஒருவர் நேற்றுத்தான் விலகினாராம், ஓர் இடம் காலியாம். கை வரைந்ததைக் கணினி மறுபடி யோசிப்பது, அதுதான் இப்போது எல்லாரும் பேசுவது என்றாள். மூல ஓவியர் ஆட்சேபணை இல்லை என்று ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

"ச்சே, அக்கா இருக்கும்போது நான் எப்படி," என்றான் தம்பி. சொல்லும்போதே சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

அவன் காலரிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. தாளை வாங்கி, முப்பத்தொரு வருஷம் குழாய் வரைபடங்களின் அடியில் போட்ட அதே கையெழுத்தைப் போட்டாள். மறுத்துவிட்டுப் போயிருக்கலாம். மறுக்க வேண்டுமென்றால் அவர்களை ஒரு பொருட்டாக மதிக்க வேண்டுமே. படத்துக்கு அட்டைக் காப்பை ஒவ்வொரு மூலையாகத் திரும்ப மாட்டி, கயிற்றைக் கட்டத் தொடங்கினாள். உதவிக்கு வந்த மேசைப்பெண்ணை வேண்டாம் என்று விலக்கினாள்.

தம்பி மேசை ஓரத்தில் குனிந்து விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தான். பெயர், முகவரி, அளவு வரைக்கும் பேனா ஓடிற்று. அதற்குக் கீழே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான், பேனாவைக் கடித்தான், அப்புறம் தாளோடு அவள் பக்கம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டான்.

"அக்கா, இத வரையும்போது மனசுல என்ன இருந்துச்சுன்னு நாலு வரி எழுதணுமாம். கொஞ்சம் சொல்லேன்?"