மேற்குப் பக்கத்துக் கேட்

"காலையிலதானம்மா குளிச்சேன்!" பவ்யா குளியலறைக்குள்ளிருந்து கத்தினாள்.

"வாய மூடு. தலையோட ஊத்தணும்." வாளி நிரம்பும் சத்தத்துக்கு மேலாக ஷர்மிளாவின் குரல் ஏறியது. "அந்தத் தெருப் பசங்க உள்ள வந்தா நீ வீட்டுக்கு வந்துரணும்னு சொன்னேனா இல்லையா? ஒரே ஊஞ்சல்ல ஒருத்தி மேல ஒருத்தி சாஞ்சுக்கிட்டு... எல்லாத்தையும் பால்கனியில இருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"ஜீவா என் ஃப்ரெண்டும்மா."

"ஃப்ரெண்டு! அவங்கல்லாம் என்ன ஆளுங்கன்னு உனக்குத் தெரியுமாடி? நாளைக்கு ஊர்ல தாத்தா கேட்டா நான் என்ன சொல்றது? அந்தச் சட்டையக் கழட்டித் தனியா போடு. மத்த துணியோட சேக்காத."

சுவருக்கு இந்தப் பக்கம், பின் பால்கனியில், குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்த வேலைக்காரி சுசீலாவின் கை அப்படியே நின்றது. ஜீவா அவளுடைய மகள். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

ஷர்மிளா ஈரக் கையோடு வெளியே வந்தாள். சுசீலா அங்கே இருப்பது அவளுக்குத் தெரியாததல்ல. காலையில் கதவைத் திறந்து விட்டவளே அவள்தான். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"தப்பா எடுத்துக்காத சுசீலா. உன்னச் சொல்லல. நீ சுத்தமாத்தான் இருப்ப. உன் பொண்ணுகிட்ட மட்டும் கொஞ்சம் தள்ளி விளையாடச் சொல்லு."

"சரிக்கா" என்றாள் சுசீலா. குக்கரை அலசி, மூடியைத் துடைத்து, மேடையில் கவிழ்த்து வைத்தாள். அன்று மதியம் அந்த வீட்டில் அந்தக் குக்கரில்தான் சோறு வெந்தது. அதைக் கழுவிய கையைப் பற்றி யாருக்கும் எந்த யோசனையும் வரவில்லை.

மேனாம்பேட்டில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்து ஆறு வருடம் ஆகிறது. அதன் மேற்குச் சுவரை ஒட்டி, குடியிருப்புக்கு அனுமதி கொடுத்தபோது பொது உபயோகத்துக்கென்று மாநகராட்சி எழுதி வாங்கிய காலிமனை ஒன்று உண்டு. அதற்கும் மேற்கே சுசீலாவின் தெரு. குடியிருப்பு வருவதற்கு முப்பது வருடம் முன்பே வந்த தெரு அது. பலகையில் நல்ல பெயர் இருக்கிறது. ஆனால் பழைய ஆட்களுக்கும், அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட புதிய ஆட்களுக்கும் அது 'காலனி'தான். அந்த ஒரு சொல்லிலேயே யார், என்ன என்பதெல்லாம் அடங்கிவிடும்.

காலிமனையில் முள்செடியும் கட்டட இடிபாடும் உடைந்த பாட்டில்களும்தான் வெகுநாள் கிடந்தன. மழைக்காலத்தில் இரண்டு பக்கத்துக் கொசுவும் அங்கேதான் பிறந்தது. அதை விளையாட்டுத் திடலாக்கலாம் என்று முதலில் சொன்னவன் ஷர்மிளாவின் கணவன் விக்ரம். கணினி நிறுவனத்தில் வேலை. அவனே ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவுக்குள் வந்து, வீடு வீடாகக் கதவைத் தட்டி, "எல்லாரும் சேந்து செய்வோம்ங்க. ரெண்டு பக்கக் குழந்தைங்களும் விளையாடட்டும்" என்று கூப்பிட்டான். வார்டு அலுவலகத்தில் கொடுத்த மனுவில் இரண்டு பக்கத்தவர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒன்பது ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. குடியிருப்பிலிருந்து பத்துப் பேர் கையுறை மாட்டிக்கொண்டு வருவார்கள். வெயில் ஏறியதும் நாலு பேர் மிஞ்சுவார்கள். தெரு ஆட்கள் முள்ளை வெட்டினார்கள், இடிபாட்டை அள்ளினார்கள், பள்ளத்தை மேடாக்கினார்கள். சுசீலாவின் கணவன் செல்வகுமார் மண்ணூர்பேட்டையில் ஒரு பட்டறையில் வெல்டர். ஊஞ்சல், சறுக்கு மரம், ஏறி விளையாடும் கம்பிக் கூண்டு, சுற்றிலும் கம்பி வலை, கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாக இரண்டு கேட் - எல்லாம் அவன் கைவேலை. குடியிருப்புப் பக்கம் மின்சாரம் எடுக்கக் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதி வர வேண்டியிருந்தது. அது வரவே இல்லை. அவன் தன் வீட்டிலிருந்து வயரை இழுத்துத்தான் வெல்டிங் மெஷினை ஓட்டினான். குழந்தைகள் கைபடும் இடம் என்று, பற்றவைத்த ஒவ்வொரு இடத்தையும் தேய்த்து, தன் உள்ளங்கையால் தடவிப் பார்த்த பிறகே பெயின்ட் அடிக்க விட்டான்.

"செல்வா, நீங்க இல்லன்னா இது நடந்திருக்காது" என்று விக்ரம் அவன் தோளில் கை போட்டுச் சொன்னான். அன்று சொன்னது பொய்யில்லை.

திடல் திறந்து மூன்றாவது வாரம்தான் பவ்யாவின் தலையில் அந்தத் தண்ணீர் விழுந்தது. அன்று மாலையே குடியிருப்போர் சங்கம் கூடியது. செயலாளர் ஜெயராமன் ஆவடித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். எதையும் சத்தமில்லாமல் முடிப்பவர் என்று பெயர் வாங்கியவர்.

"லேடீஸ் எல்லாம் கம்ப்ளைன்ட் பண்றாங்க. மேற்கு கேட்ட மூடிரலாம்" என்றார்.

"பூட்டுப் போட்டா உடைச்சிருவாங்க சார்" என்றார் ஒருவர்.

"பூட்டு எதுக்கு? வெல்டு வெச்சிருவோம். அதுவும் அந்தச் செல்வகுமாரையே கூப்பிட்டு வைக்கச் சொல்வோம்." ஜெயராமன் சுற்றிப் பார்த்துப் புன்னகைத்தார். "அந்தத் தெரு ஆளு கையாலயே மூடிட்டா, நாளைக்கு எவனும் வந்து நம்மள ஜாதி பாத்தோம்னு சொல்ல முடியாதுல்ல?"

சிலர் சிரித்தார்கள். விக்ரம் சிரிக்கவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. "விக்ரம், உங்ககிட்டதான் அவன் நல்லா பேசுவான். நீங்களே சொல்லிருங்க" என்று ஜெயராமன் முடித்ததும் தலையை ஆட்டினான்.

மறுநாள் பட்டறையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த செல்வகுமாரை அவன் வழியில் நிறுத்தினான். குழந்தைகள் அந்தக் கேட் வழியாகத் தெருவுக்கு ஓடுகிறார்கள், வண்டிகள் வருகின்றன, பாதுகாப்புக்காகத்தான் என்றான். செல்வகுமார் யோசித்தான்.

"எங்க பசங்க எப்டி சார் வர்றது?"

"மெயின் ரோடு சுத்தி, எங்க கேட் வழியா வரலாம். செக்யூரிட்டிகிட்ட சொல்லி வெச்சிருவோம்."

"ரொம்ப சுத்து சார் அது."

"பசங்க சேஃப்டிதான முக்கியம் செல்வா?"

ஒன்பது வாரம் பக்கத்தில் நின்று கம்பி பிடித்தவன் சொல்கிறான். செல்வகுமார் நம்பினான். "சரி சார். ஞாய்த்துக்கெயம வந்து வெக்கிறேன்" என்றான்.

வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டே அதைச் சுசீலாவிடம் சொன்னான். அவள் ஜீவாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒத்துகினு வந்துட்டியா?"

"பசங்கோ ரோட்டுக்கு ஓடுதுங்களாம்மே. விக்ரம் சாரே வந்து சொன்னாரு."

"ரோடு எந்தப் பக்கம் கீது? அவங்க பக்கந்தான் மெயின் ரோடு. நம்ம தெருவுல லாரியா ஓடுது?"

செல்வகுமார் துண்டைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்தான். சுசீலா மகளை எழுப்பிப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாள். குழந்தை அந்த வீட்டுக்குள் நுழையும் வரை காத்திருந்துவிட்டுத்தான் பேசினாள். குளியலறையில் கேட்டதையெல்லாம் ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

"ரெண்டு நாளா சொல்லாம இன்னாத்துக்கு வெச்சிகினு இருந்தே?" என்று கேட்டான்.

"சொல்லி? மூணு ஊடு அங்கதான் வேலை செய்றேன். நீ போய் சண்ட வலிப்ப. நாளைக்கே என்னைய நிறுத்திடுவாங்க. இஸ்கூலு, வாடகைன்னு எல்லாம் கீதே... அதான் முழுங்கிகினு இருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா உன் கையாலயே உன் பொண்ண அடைக்கச் சொல்றாங்க பாரு, அத என்னால முழுங்க முடியல. நீ போவாத. ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடு."

அவன் துண்டைக் கொடியில் போட்டான். "ஒத்துகினேன்ல. போறேன்" என்றான்.

"யோவ், இன்னாயா சொல்றே?"

"வேலை போனா பரவால்லியா உனக்கு? அத மட்டும் சொல்லு."

சுசீலா அவன் முகத்தைப் பார்த்தாள். என்ன செய்யப் போகிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அவன் கோபத்தில் பேசவில்லை என்பது தெரிந்தது.

"போனா போது" என்றாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு, நல்ல வெயிலில், செல்வகுமார் வெல்டிங் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தான். வழக்கம்போல வீட்டிலிருந்து வயரை இழுத்திருந்தான். விஷயம் தெருவில் பரவியிருந்ததால் ஆணும் பெண்ணுமாக இருபது பேர் வெளியே நின்றார்கள். "இவனே வந்து மூடுறான் பாரு, வெக்கமே இல்ல" என்று ஒருவர் காறித் துப்பினார். செல்வகுமார் திரும்பிப் பார்க்கவில்லை. திடலுக்குள் ஜெயராமனும் விக்ரமும் சங்கத்து ஆட்கள் ஐந்தாறு பேரும் நின்றிருந்தார்கள். ஜெயராமன் படம் எடுப்பதற்காகக் கைப்பேசியைத் தயாராக வைத்திருந்தார்.

"வாப்பா. சீக்கிரம் முடி."

செல்வகுமார் நேராக விக்ரமிடம் போனான்.

"சார், ஒன்னே ஒன்னு கேக்குறேன். பசங்க சேஃப்டிக்குத்தான மூடுறது? வேற ஒன்னும் இல்லியே?"

விக்ரமின் பார்வை ஜெயராமனிடம் போய், தரைக்கு இறங்கியது. "செல்வா... அது சங்கத்து முடிவு" என்றான்.

"அத்த கேக்கல சார் நான்."

"இங்க என்ன விசாரணையா நடக்குது?" ஜெயராமன் குறுக்கே வந்தார். "வெல்டு வெக்க வந்தியா, பேச வந்தியா?"

"வெல்டு வெக்கத்தான் சார் வந்தேன்."

அவன் கேட்டை இழுத்தான். மூடுவதற்கு இழுக்கவில்லை. தெருப்பக்கமாக முழுக்கத் திறந்து, வேலியின் இரும்புக் கம்பத்தோடு ஒட்டச் சாய்த்தான். கண்ணாடியை மாட்டினான். தீப்பொறி பறந்தது. மேலே ஓரிடம், நடுவில் ஓரிடம், கீழே ஓரிடம். பிறகு இரண்டு கீலையும் பற்றவைத்தான். அவன் என்ன செய்கிறான் என்பது ஜெயராமனுக்குப் புரிந்தபோது கீல்களும் முடிந்திருந்தன.

"டேய்! என்னடா பண்ற? மூடச் சொன்னா..."

செல்வகுமார் சுத்தியலால் கசடைத் தட்டிவிட்டான். இரண்டு கையாலும் கேட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அது அசையவில்லை.

"வெச்சிட்டேன் சார்" என்றான். "இனிமே ஆடாது."

வெளியே நின்றவர்களில் யாரோ ஒரு பெண் சிரித்தாள். காறித் துப்பியவர் வந்து மெஷினின் கைப்பிடியைப் பிடித்து, தள்ளுவதற்கு உதவினார்.

"போலீஸுக்குப் போவேன்டா! காலனிப் புத்தியக் காட்டிட்ட பாத்தியா!" இத்தனை நாள் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் முடித்த ஜெயராமன், அன்று மூன்றாம் மாடி வரை கேட்கக் கத்தினார்.

அவர் போலீஸுக்குப் போகவில்லை. முதலில் மாநகராட்சி வார்டுப் பொறியாளருக்குத்தான் போன் செய்தார். "அது பொது இடமாச்சே சார். கேட்ட மூடணும்னு உங்களுக்கு யாரு சொன்னது? எழுத்துல குடுங்க, பாப்போம்" என்றார் பொறியாளர். எழுத்தில் என்ன காரணம் கொடுப்பது என்று சங்கம் இரண்டு மணி நேரம் பேசியது. எழுதக்கூடிய காரணம் எதுவும் அகப்படவில்லை. கடைசியில் தங்கள் பக்கத்துக் கிழக்குக் கேட்டுக்குப் பெரிய பூட்டாகப் போட்டார்கள். சாவி ஜெயராமனிடம் இருந்தது. தங்கள் குழந்தைகள் இனி அங்கே போக வேண்டியதில்லை, மொட்டை மாடியிலேயே விளையாடலாம் என்று சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் தகவல் போனது.

சுசீலாவுக்கு அன்று மாலையே மூன்று வீடுகளிலிருந்தும் தகவல் வந்துவிட்டது. மூன்றிலும் ஒரே வரி: நாளையிலிருந்து வர வேண்டாம். தெருவிலிருந்து குடியிருப்புக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மற்ற ஐந்து பெண்களில் இரண்டு பேர் தாங்களாகவே நின்றுகொண்டார்கள். மூன்று பேருக்கு நிற்க வழியில்லை. சுசீலா யாரையும் நிற்கச் சொல்லவும் இல்லை, போனவர்களைக் குறை சொல்லவும் இல்லை. இருபது நாள் வீட்டில் கஷ்டம்தான். பிறகு தொழிற்பேட்டையில் ஒரு துணி கம்பெனியில் நூல் பிசிறு வெட்டும் வேலை கிடைத்தது. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும், கால் வீங்கியது.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிறு சாயங்காலம் விக்ரம் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். மெயின் ரோட்டைச் சுற்றி நடந்து வந்ததில் சட்டை நனைந்திருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு பவ்யா.

"ஷர்மிளாவுக்கு முடியல சுசீலா. ரெண்டு ஆள் வெச்சுப் பாத்துட்டா, சரிப்படல. நீங்க வந்தா நல்லாருக்கும்னு சொல்றா."

செல்வகுமார் உள்ளே இருந்தான், எழுந்து வரவில்லை. சுசீலாதான் வாசலுக்கு வந்தாள்.

"அக்கா வர்லியா?"

"இல்ல... அவளுக்குக் கொஞ்சம் சங்கடமா இருக்கு." விக்ரம் குரலைத் தாழ்த்தினான். "நடந்தது எனக்குப் பிடிக்கலங்க. நான் அப்படியெல்லாம் பாக்குறவன் இல்ல. உங்களுக்கே தெரியும்."

எதிரே திடலில் குழந்தைகளின் கூச்சல் கேட்டது. திறந்த கேட்டுக்குள்ளிருந்து ஜீவா கையைத் தூக்கி ஆட்டினாள். "பவ்யா, வாடி!" அவ்வளவுதான். பவ்யா அப்பாவின் கையை உதறிவிட்டு ஓடினாள். ஒரே நிமிடத்தில் கம்பிக் கூண்டின் உச்சியில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

விக்ரம் சிரித்தான். ஒரு கணம் அவன் முகம் பழைய ஞாயிற்றுக்கிழமைகளின் முகமாக இருந்தது. பிறகு அவன் கண் மேலே போனது. குடியிருப்பின் மூன்றாம் மாடிப் பால்கனியில் ஷர்மிளா கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவளுக்குப் பக்கத்துப் பால்கனியில் வேறு யாரோ. அதற்கும் பக்கத்தில் இன்னொருவர்.

"பவ்யா" என்றான் விக்ரம். "இறங்கி வா."

"அஞ்சே நிமிஷம்ப்பா!"

"வான்னு சொல்றேன்ல!" அவன் இரண்டே எட்டில் உள்ளே போய்க் குழந்தையைக் கூண்டிலிருந்து பிடுங்கியெடுத்தான். ஜீவா கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சுசீலா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவளைப் பார்த்தபோது, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வேற ஆளு பாருங்க சார்" என்றாள். "எனக்கு நேரம் ஒழியாது."

விக்ரம் அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திடலின் குறுக்கே கிழக்குக் கேட் வரை வேகமாக நடந்தான். பூட்டு நினைவே இல்லாமல் கையை வைத்துத் தள்ளினான். பூட்டியிருந்தது. அவன் வீடு அதற்கு அந்தப் பக்கம் முப்பதடியில் இருந்தது. மேலே பால்கனிகளில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். சற்று நேரம் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றவன், திரும்பி, திடலைக் கடந்து, செல்வகுமார் பற்றவைத்த கேட் வழியாகத் தெருவுக்கு வந்து, மெயின் ரோட்டை நோக்கி நடந்தான்.