இருபத்திரண்டு சென்டிமீட்டர்

மருந்துக் கம்பெனி அம்மா தூக்கப் பைக்குள் நின்று ஜிப்பை மேலே இழுத்ததும் ஆளையே காணோம். சுவரோடு நிறுத்தி மாட்டிய பை அது. முகம் தெரியவேண்டிய இடத்தில் கொஞ்சம் தலைமுடிதான் தெரிந்தது.

"நான் உள்ளதான் இருக்கேன்" என்று குரல் மட்டும் வந்தது.

மேனேஜர் சிரித்தார். கூட வந்திருந்த சினிமாக்காரர், "மேடம், விண்வெளிக்குப் போகாமலே மறைஞ்சுட்டீங்களே!" என்றார். ஊசியும் நூலுமாக ஓரத்தில் நின்ற தையல்காரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பதினோரு வாரம் கழித்து வந்த சிரிப்பு. வந்த வேகத்திலேயே நின்றுபோயிற்று.

தனியார் விண்வெளி நிலையம் ஒன்றோடு இணைக்கப் போகிற பகுதியின் மாதிரி அது. ஒட்டுப்பலகையும் அலுமினியமும் துணியுமாக, அசல் அளவில், ஒரு பழைய ஷெட்டுக்குள் படுத்திருந்தது. நிஜமானது இன்னும் காகிதத்தில்தான். வாடகைக்கு ஆள் சேர்ந்தால்தான் செய்யவே தொடங்குவார்கள். அதனால் வாரம் தவறாமல் யாராவது பார்க்க வந்தார்கள். எடையில்லாத இடத்தில் மருந்துப் படிகம் பிசிறில்லாமல் வளருமாம். கயிறு கட்டாமல் கதாநாயகனை மிதக்கவிட்டுப் படம் எடுக்கலாமாம். சொந்த ராக்கெட் இல்லாத நாடுகள் தங்கள் ஆளை அனுப்பலாம், பணக்காரர்கள் ஒரு வாரம் தங்கி வரலாம். இந்தப் பட்டியலை மேனேஜர் வெள்ளைப் பலகையில் எழுதி வைத்திருந்தார். வேலை செய்கிறவர்கள் வாயில் அந்த மாதிரிப் பகுதியின் பெயர் டப்பா.

"எல்லாத்துக்கும் ஆள் வர்றான். ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருக்க ஒருத்தனும் கேட்கல பாரு" என்பார் தையல்காரியின் வீட்டுக்காரர். டப்பாவின் பலகை வேலை முழுக்க அவருடையது. ஷெட்டில் அவருக்குப் பனைமரம் என்று பெயர். கதவு நிலைகளில் குனிந்தே பழகிய மனுஷர் பதினோரு வாரத்துக்கு முன் ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. தன் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் மேனேஜர்தான்.

பை பெரிதாய்ப் போனது அவளால். சராசரி உயரம் இவ்வளவு என்று அட்டவணை ஒன்று இருந்தது. அது கைக்கு வருவதற்குள் டேப்பை எடுத்தவள், பக்கத்தில் நின்ற வீட்டுக்காரரையே அளந்துவிட்டாள்.

"மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க, அளவு தப்பாயிடும்."

"இருக்கட்டும்டி. எந்தக் கோடீஸ்வரன் வந்தாலும் என் அளவுலதான் தூங்கணும்."

அவரும் சளைத்தவரில்லை. தன் கை எட்டிய இடத்திலேயே கைப்பிடிகளை அடித்து வைத்தார். நான்கு பை, பதினாறு கைப்பிடி. இப்போது வருகிறவர்களெல்லாம் குதிகாலைத் தூக்கி எக்கிப் பார்க்கிறார்கள்.

வந்தவர்கள் போனதும் மேனேஜர் அவளிடம் வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் பையைப் பார்த்துப் பேசினார்.

"மூணு மணிக்கு அடுத்த பார்ட்டிம்மா. சுற்றுலாக் கம்பெனி. அதுக்குள்ள இருபத்திரண்டு சென்டிமீட்டர் குறைச்சிடுங்க. கைப்பிடிய அடுத்த வாரம் இறக்கிக்கலாம்."

"வெட்டாம மடிச்சுத் தைச்சுரட்டுமா சார்?"

பதில் சொன்னவள் அவரோடு நின்ற பொறியாளர் பெண். "மடிச்சா மொத்தையா தெரியும்கா. தொட்டுப் பாக்குறாங்க இல்ல..." பாதியில் நிறுத்திக்கொண்டாள். அது யாருடைய அளவு என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் இருந்த அவர் சட்டைகளையும் பேண்ட்களையும் கொழுந்தனுக்குக் கொடுத்தாயிற்று. கொழுந்தன் குட்டை. கை நீளத்தையும் கால் நீளத்தையும் அவளே மடித்துத் தைத்துக் கொடுத்தாள். கட்டில் எல்லோருக்கும் ஒரே அளவு, அதில் யார் படுத்தது என்று தெரியாது. அவர் இவ்வளவு உயரம் என்று சொல்ல இந்த உலகத்தில் மிச்சமிருந்தவை இந்த நான்கு பைகளும் கைப்பிடிகளும்தான்.

தொழில் பழகிய கை, துக்கம் பார்க்காது. இரண்டரை மணிக்குள் மூன்று பைகளை வெட்டித் தைத்து மாட்டிவிட்டாள். நான்காவதைக் கழற்றப் போனவள், எங்கே வெட்டுவது என்று குறித்துக்கொள்ளலாமென்று கத்தரியைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே நின்று ஜிப்பை இழுத்தாள். அளவு பார்க்கத்தான்.

உள்ளே இருட்டாக, புதுத் துணி வாசனையாக இருந்தது. அவர் வாசனை ஏதுமில்லை. அவர் ஒருநாளும் இதற்குள் நின்றதில்லை. ஆனால் முகத்துக்கான திறப்பு அவள் உச்சந்தலைக்கு மேல்தான் தொடங்கியது. அவள் நெற்றி வந்து நின்ற இடம் அவருடைய கழுத்துக்குழி. கல்யாணமான நாளிலிருந்து நெற்றி அங்கேதான் போய் நிற்கும். இங்கே துணிதான் இருந்தது. நெற்றியை அதன்மேல் சாய்த்தாள். துணி உள்வாங்கிக்கொண்டே போயிற்று.

எவ்வளவு நேரமென்று தெரியவில்லை. டப்பாவின் வாசலில் காலடிச் சத்தம் கேட்டது.

"இங்க நாலு பேர் தாராளமா தூங்கலாம். வாங்க, நீங்களே உள்ள நின்னு பாருங்க" என்று மேனேஜரின் குரல் வந்தது.

வெளியே போக ஜிப்பைத் தேடினாள். விரல்களுக்கு அது அகப்படவில்லை.

"ஸ்ஸ்..." என்றது ஒரு பெண் குரல். "அந்தப் பையில யாரோ தூங்குறாங்க போலிருக்கே."

காலடிகள் நின்றன. மேனேஜர் கத்தரியைப் பார்த்திருப்பார். மேஜைமேல் கிடந்த மூன்று துணிப் பட்டைகளைப் பார்த்திருப்பார். அவள் மூச்சை அடக்கினாள். மூச்சு அடங்கவில்லை. பை ஏறி ஏறி இறங்கியது.

"ஆமா" என்றார் மேனேஜர், குரலை நன்றாகத் தாழ்த்தி. "அப்படியே மெதுவா வாங்க. ஜன்னல் அந்தப் பக்கம்."

ஒருவர் பின் ஒருவராக, செருப்புச் சத்தம் கேட்காமல் அடி வைத்து, அவர்கள் பையைக் கடந்து போனார்கள்.