மாடி ஜன்னல் விசில்

கண்டக்டர் மாடிப்படி இறங்கி மாதக்கணக்கில் ஆகிவிட்டது. பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து வீடு வந்த மனிதர், மாடி அறையில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். கால் வராமல் இல்லை. நடக்காமல் இப்படியே இருந்தால் உள்ள நடையும் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியும் ஆயிற்று. ஆனால் வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு குழறியது. பஸ் நிறைய ஆட்களை அதட்டியே உள்ளே தள்ளிய வாயை அந்தக் கோலத்தில் தெருவுக்குக் காட்ட அவருக்கு மனசு வரவில்லை.

அவர் மனைவியைத் தெருவே தையலக்கா என்றுதான் கூப்பிடும். அவளும் கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், கடைசியில் வாய்க்கு வந்தபடி ஏசியும் பார்த்தாள். கல்லுளிமங்கன் அசைந்தால்தானே!

"ரூமுக்குள்ள வேரு விட்டிருக்கீங்களா? வாசல் வரைக்கும் வந்துட்டுப் போனா கொறஞ்சா போயிடுவீங்க?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவள் தையல் மிஷினில் போய் உட்கார்ந்து கோபத்தையெல்லாம் காலால் மிதிப்பாள்.

வீட்டுக்கு எதிரே ஒரு பழைய கிடங்கின் நீளச் சுவர். பெயருக்குத்தான் சுவர், குப்பை கொட்டவும், அவசரத்துக்கு ஒதுங்கவும் தெருவுக்கு அதுதான் இடம். யார் வீட்டுக் குப்பை என்று சண்டை போட்டே பாதித் தெரு ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது. அந்தச் சுவரில் எல்லாரும் சேர்ந்து படம் வரையலாம் என்று ஓவியம் படித்த ஒரு பெண் வந்து நின்றபோது சலூன்காரர் சிரித்தேவிட்டார்.

"இந்தத் தெருவுல ரெண்டு பேரு சேந்து ஒரு குப்பைய அள்ளுனதில்ல, நீ வேறம்மா!"

அவளா விடுவாள்? வீடு வீடாக ஏறி, சுவரில் என்ன வேண்டும் என்று கேட்டாள். ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் இந்தத் தெருவையே வரைவது, அவரவர் வீட்டுக்கு அவரவரே வர்ணம் அடிப்பது, முனையில் தினமும் வந்து நிற்கிற பஸ்ஸையும் சேர்ப்பது என்று முடிவாயிற்று.

சாரம் கட்டி வேலை தொடங்கியதும்தான் சிக்கல் தெரிந்தது. சுவரில் மூக்கு உரச நிற்கிறவர்களுக்குக் கோடு நேரா கோணலா என்று தெரியாது. தள்ளிப்போய்ப் பார்க்கவோ தெருவில் இடம் கிடையாது. முழுச் சுவரும் ஒருசேரத் தெரிகிற இடம் தையலக்கா வீட்டு மாடி ஜன்னல் ஒன்றுதான்.

"அக்கா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கக்கா!"

தையலக்காவுக்குத் தைக்கிற துணியே தலைக்கு மேல் கிடந்தது. எட்டிப் பார்த்த பாவனையில், "எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு!" என்று கத்திவிட்டுத் திரும்பினாள். பின்னால் நின்று பார்த்த கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. கூரை ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது, இவள் சரி என்கிறாளே! மேஜை டிராயரை இழுத்துப் பழைய விசிலை எடுத்தார். அவளைத் தள்ளிவிட்டு, வாயின் நல்ல ஓரத்தில் வைத்து ஊதினார். ஒரே விசில்.

தெருவே அப்படியே நின்றது. ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. பஸ் ஏறுகிற எவருக்குத் தெரியாது அது?

"அட, நம்ம கண்டக்டரு!" என்றார் சலூன்காரர், பிரஷும் கையுமாக அண்ணாந்து.

அன்றிலிருந்து ஜன்னல் அவருடையது. முகத்தைத் திரைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு விசிலை மட்டும் வெளியே விடுவார். கோணல் என்றால் ஒன்று, திருத்தியதும் இரண்டு. பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் அவர் விசிலுக்குப் பயந்து ஒரே வாளியில் பிரஷைத் தோய்த்தார்கள். தையலக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனாலும் மனிதர் படி இறங்கவில்லை. சுவர் முடிந்துவிட்டால் விசிலும் டிராயருக்குள் போய்விடுமே என்று அவள் பயந்தாள்.

கடைசியாக மிச்சமிருந்தது பஸ். அதை வரைந்து முடித்ததும் மேலிருந்து ஒரு விசில்.

"என்னண்ணே, கலரு சரியில்லையா?" என்று கொஞ்சம் சிவப்பை ஏற்றினார்கள். மறுபடி விசில். "டயரு சின்னதா?" மறுபடியும் விசில். தையலக்கா எட்டிப் பார்த்தாள்; அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்டக்டர் கையை நீட்டி நீட்டிக் காட்டினார். கீழே ஒரு ஜென்மத்துக்கும் புரியவில்லை. ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி ஆளாளுக்கு வர்ணத்தைப் பூசிக்கொண்டே போனார்கள்.

விசிலைக் கட்டிலில் வீசிவிட்டு, கண்டக்டர் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தார்.

தையலக்கா மூச்சுக் காட்டாமல் பின்னால் போனாள். தாங்கிப் பிடிக்கக் கை துடித்தது. தொட்டால் திரும்பி ஏறிவிடுவாரோ என்று தொடவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கி, வாசல் தாண்டி, தெருவைக் கடந்து, சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"க... கதவு! டிரைவர் பக்கம் போயிக் கதவு வெச்சா, சனங்க நடு ரோட்டுலயா எறங்கும்? அறிவிருக்காய்யா ஒங்களுக்கு?"

வார்த்தை குழறியதுதான். அதட்டல் மட்டும் பழைய அதட்டல்.

யாரும் அவர் வாயைப் பார்க்கவில்லை. "தப்புதாண்ணே. இப்ப என்ன பண்றது?" என்றார் சலூன்காரர், பணிவாக.

"பஸ்ஸத் திருப்பு. மூஞ்சிய இந்தக் கடைசில போடு, சரியா வரும்."

நாற்காலி வந்தது. உட்கார மறுத்து, நின்றபடியே வேலை வாங்கினார்.

தையலக்கா எல்லாருக்கும் டீ போட்டுக் கொண்டு வந்தாள். "நல்லவேளைம்மா, நீ தப்பா வரஞ்ச!" என்றாள் ஓவியக்காரப் பெண்ணிடம். அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு சலூன்காரரைப் பார்த்தாள்.

"தங்கச்சி," என்று அவர் குரலைத் தாழ்த்தினார், "தெனம் அந்த பஸ்லதான் ஏறி எறங்குறோம். கதவு எந்தப் பக்கம்னு எங்களுக்குத் தெரியாதா?"

தையலக்கா டீத் தட்டோடு அப்படியே திரும்பினாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். குப்பைக்காக மண்டையை உடைத்துக்கொண்ட இரண்டு வீட்டுக்காரர்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அசடு வழிந்தார்கள். இத்தனை பேரும் சேர்ந்தா இந்த வேலையைப் பார்த்தார்கள்? அவளிடம்கூட மூச்சு விடவில்லையே!

"நீங்கல்லாம் நல்லா இருப்பீங்க," என்றாள். நடுத்தெருவில் நின்று அழுதாள். இத்தனை நாளும் அழுத அழுகை இல்லை இது.

"சரி சரி, டீ ஆறுது," என்று சலூன்காரர் தட்டை வாங்கிக்கொண்டார்.

இதெதுவும் காதில் விழாத கண்டக்டர், திரும்பி நிற்கிற பஸ்ஸை மேலும் கீழுமாகப் பார்த்தார். விசில் மாடியில் கிடந்தது. அதனாலென்ன? கோணிய வாயைத் திறந்து, தெருமுனை வரை கேட்கிறாற்போல் கத்தினார்:

"போலாம் ரைட்!"